மண் சரிந்த மலைப்பாதையில் மீண்டும் ரயில்: அள்ளுவதா, கட்டுவதா, கடப்பதா, விலகுவதா?

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எங்காவது ஓரிடத்தில் மண் இறங்காத ஆண்டு அரிது. கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று ஏதாவது இரண்டு நிலையங்களுக்கு நடுவே பாறை உருண்டோ கரை அரித்தோ மலை ரயில் நின்றுவிடும். மறுநாளே இரண்டு குரல்கள் கேட்கும். "நாலு பொக்லைனை விட்டு அள்ளிப் போட்டுட்டு வண்டியை விட வேண்டியதுதானே" என்பது ஒன்று. "வருஷா வருஷம் இதே பாடு, ஒரேயடியாச் சுவர் கட்டி முடிங்க" என்பது இன்னொன்று. இரண்டும் சில இடங்களில் சரியான பேச்சு. சில இடங்களில் உயிருக்கு உலை வைக்கும் பேச்சு.

மலைப்பாதையில் புதிதாகப் பொறுப்பேற்கும் செக்‌ஷன் இன்ஜினியர், மண்ணியல் படிக்கும் சிவில் மாணவர், ரயில் எப்போது ஓடும் என்று மனு எழுதும் பயணிகள் சங்கத்தார் ஆகிய மூவரும் வேறு வேறு வார்த்தையில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: மண் சரிந்த இடத்தில் எந்த வழியில் பாதையைத் திறப்பது? கைவசம் ஐந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் எடைபோடுவதற்கு முன்னால் எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடுவோம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

மண் பாதை மேல் விழுந்ததா, பாதைக்குக் கீழிருந்து போனதா? தண்டவாளத்தின் மேல் சேறும் பாறையும் கிடந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அடித்தளம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜல்லிக்கடியில் கரை போய்த் தண்டவாளம் ஸ்லீப்பரோடு (அதைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அந்தரத்தில் தொங்கினால், படத்தில் அழகாகத் தெரியும் அந்த இடம்தான் மாதக்கணக்கில் வேலை வாங்கும். இரண்டும் ஒரே இடத்தில் நடந்திருந்தால் கீழே போனதை முதலில் பாருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. மண்ணைத் தள்ளுவது மழையின் எடை மட்டுமில்லை. மண் துகள்களுக்கிடையே தேங்கும் நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, உராய்வுப் பிடிப்பைக் குறைத்துவிடுகிறது. நீலகிரியில் கெட்டியான சார்னோகைட் பாறையின் மேல் மக்கிய செம்மண் போர்வை கிடக்கிறது. மழைநீர் போர்வைக்குள் இறங்கிப் பாறை முகட்டில் தடுக்கப்பட்டு அங்கேயே தேங்கும். வழுக்குவது அந்த எல்லையில்தான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் இறங்கி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அத்தனை மழையைத் தாங்கும் வடிகால் எந்த மலையிலும் கிடையாது. ஆனால் சாதாரண ஆண்டுகளில் பாதை அடைபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடைபட்ட கல்வெட்டு (பாதைக்கடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்), உடைந்த மேல்வாய்க்கால், மேலே புதிதாக வெட்டிய சாலை அல்லது கட்டிய வீட்டிலிருந்து திருப்பிவிடப்பட்ட தண்ணீர்.

சரிவு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. சரிந்த இடத்தின் தலைப்பக்கம் ஏறினால் வில் போல வளைந்த விரிசல்கள் தெரியும். ஒவ்வொரு விரிசலுக்கும் இரு பக்கமும் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, மேலே ஆணியால் புள்ளி வைத்து, இடைத்தூரத்தை டேப்பால் அளந்து நேரத்தோடு எழுத வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். அளவு மாறாமல் இருந்தால் நல்லது. மாறினாலும் மாறும் வேகம் குறைந்துகொண்டே வந்தால் பொறுத்துப் பார்க்கலாம். வேகம் கூடினால் கீழே இருக்கும் ஆளையும் இயந்திரத்தையும் அந்த நிமிடமே வெளியேற்ற வேண்டும். வசதி இருக்கும் இடங்களில் துளையிட்டு இன்கிளினோமீட்டர் (மண்ணுக்குள் சாய்வை அளக்கும் கருவி) இறக்கினால் எத்தனை மீட்டர் ஆழத்தில் வழுக்குகிறது என்பதும் தெரியும். ஆழம் 2 மீட்டரா 12 மீட்டரா என்பதைப் பொறுத்துத் தீர்வே மாறிவிடும்.

பொருள் எப்படி வந்து சேரும்? மலைப்பாதையின் பெரும்பகுதிக்கு லாரி போக வழியில்லை. கல், கம்பி, சிமென்ட், ஏன் பொக்லைன்கூட, பாதை வழியாகவேதான் வரவேண்டும். அதுவும் உடைப்பு வரைக்கும்தான் வரும். கீழேயும் இன்னொரு உடைப்பு இருந்தால், அதைச் சரிசெய்யாமல் இதைத் தொடவே முடியாது.

ரயில் இல்லையென்றால் யாருக்கு என்ன நஷ்டம்? சாலை மாற்று இருக்கிறதா, சரக்குப் போகிறதா, நோயாளியும் மாணவரும் இதையே நம்பியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் எத்தனை நாள் மூடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

## வழி 1: அள்ளி எடுத்து, வேகம் குறைத்துத் திறப்பது

மண் பாதை மேல் மட்டும் விழுந்து, கரை உறுதியாக இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இது. சில நாளில் முடியும், செலவும் குறைவு.

அளவைக் குறைத்துப் போட்டுவிடுவது இதில் வழக்கமான தவறு. 30 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி 3 மீட்டர் கனம் கிடக்கிறது என்று வையுங்கள். 720 கன மீட்டர். ஈர மண் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.9 டன் என்றால் சுமார் 1,370 டன். அள்ளும்போது மண் பொலபொலத்துக் கால் பங்கு உப்பும். ஏற்ற வேண்டியது 900 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் நூறு நடைக்கு மேல் ஆகும். டிப்பர் வராத இடத்தில் இத்தனையையும் பாதையோரத்தில்தான் போட வேண்டும்.

எங்கே போடுகிறோம் என்பதில்தான் இந்த வழியின் மறைந்த செலவு இருக்கிறது. பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடுவது சுலபம். அந்த மண் கரையின் தோளில் பாரமாக உட்கார்ந்து, அடுத்த மழையில் கரையையும் இழுத்துக்கொண்டு போகும். கீழே கல்வெட்டின் வாயை அடைத்தால் கேட்கவே வேண்டாம். அள்ளிய மண்ணைச் சரிவு இல்லாத, தண்ணீர் ஓடாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொட்டும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அள்ளும் வரிசையும் முக்கியம். பாதையில் கிடக்கும் குவியல் மேலே மிச்சமிருக்கும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அடியிலிருந்து சுரண்டினால் மேலே உள்ளது மறுபடி இறங்கும். வேலையாட்கள் சிக்கி உயிரிழப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் சரிவில்தான். மேலிருந்து தளர்ந்த மண்ணையும் தொங்கும் பாறையையும் முதலில் இறக்க வேண்டும். பெரிய பாறைக்கு வெடி வைப்பதைத் தவிர்த்து, துளை போட்டு விரிவடையும் ரசாயனத் தூளை ஊற்றியோ பிரேக்கராலோ உடைப்பது நல்லது. வெடி அதிர்ச்சி ஈரச் சரிவுக்கு ஆகாது.

அள்ளி முடித்த முகத்தை அப்படியே விடுவதும் கூடாது. சிதறு பாறை என்றால் கம்பி வலை. மக்கிய பாறை என்றால் 100×100 மி.மீ. வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்து 75 முதல் 100 மி.மீ. ஷாட்கிரீட் (பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்). ஷாட்கிரீட் அடிக்கும்போது நீர்த்துளைக் குழாய்களை விட்டுவைக்க மறந்தால், அழகான சிமென்ட் முகத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, ஒரு நாள் மொத்தப் பாளமும் பெயர்ந்து விழும்.

மேற்குக் கடற்கரையை ஒட்டிய கொங்கண் ரயில் பாதை இந்த வழியின் எல்லையைக் காட்டிய இடம். 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறை மண்ணில் மோதி ரயில் தடம் புரண்டதில் ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த ஆண்டே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸும் பாறையால் தடம் புரண்டது. அதன் பிறகுதான் வெட்டுச் சரிவுகளைச் சாய்த்து வெட்டுவது, வலை போடுவது, மழைக்காலத்துக்குத் தனி அட்டவணையும் குறைந்த வேகமும் என்று முறை மாறியது. விழுந்த பின் அள்ளுவதையே கொள்கையாக வைத்துக்கொண்டிருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் வண்டி ஓட வேண்டும்.

## வழி 2: கேபியன் அடுக்கிக் கரையைத் திரும்பக் கட்டுவது

கரை போய்விட்டது, பாறையோ உறுதியான மண்ணோ கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது என்றால் இதுவே முதல் தேர்வு. கர்நாடகத்தின் சக்லேஷ்பூர்–சுப்ரமண்யா மலைப்பாதையில் 2024 ஜூலை இறுதியில் எடகுமேரி அருகே கரை அரித்துப் போனபோது மணல் மூட்டையும் கேபியனும் (கல் நிரப்பிய கம்பிவலைக் கூடை) அடுக்கித்தான் பாதையைத் தாங்கினார்கள். இரண்டு வார அளவில் ரயில் ஓடியது. கேபியனை ஏன் விரும்புகிறோம் என்றால் கான்கிரீட் சுவரைப் போல 28 நாள் முறுக்கேற வேண்டியதில்லை, கொஞ்சம் அமுங்கினாலும் வெடிப்பதில்லை, தண்ணீரைத் தடுக்காமல் வழிவிடுகிறது.

கூடையின் வழக்கமான அளவு 2×1×1 மீட்டர். 5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளச் சுவருக்கு அடியில் 3 மீட்டர் அகலம் வேண்டும். பொதுவாக அடி அகலம் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கீழிருந்து மேலாக 3, 3, 2, 2, 1 மீட்டர் என்று படியாகக் குறைத்தால் மீட்டர் நீளத்துக்கு 11 கன மீட்டர், மொத்தம் 220 கன மீட்டர். 110 கூடை, ஏறத்தாழ 360 டன் கல். இந்தக் கல்லைச் சிறு வேகன்களில் மலையேற்ற வேண்டும் என்பதை நினைத்தால் இரண்டு வாரம் என்பது ஏன் ஐந்து வாரமாக நீளுகிறது என்பது புரியும். சரிந்து விழுந்த நல்ல பாறையையே உடைத்துப் பயன்படுத்தினால் பாதிச் சுமை மிச்சம். மக்கிய, விரலால் உதிரும் கல்லை மட்டும் போடாதீர்கள்.

இங்கே கெடுவது பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று:

- கல் வலைக்கண்ணைவிடச் சிறியது. 80×100 மி.மீ. கண்ணுள்ள வலையில் 100 மி.மீ.க்குக் குறைந்த கல் போட்டால் வெளியே உதிர்ந்து கூடை தொய்யும். 100 முதல் 250 மி.மீ. வரை சரி.
- கல்லைக் கொட்டிவிடுவது. முகப்புக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு தடவை முன் முகத்தையும் பின் முகத்தையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கூடை வயிறு தள்ளும்.
- பக்கத்துப் பக்கத்துக் கூடைகளைப் பின்னாமல் விடுவது. பின்னாத சுவர் தனித்தனிக் கூடைகளாகத்தான் வேலை செய்யும்.
- சுவருக்குப் பின்னால் ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் துணி) விரிக்காதது. மண்ணின் நுண்துகள் கல் இடுக்கு வழியே கழுவிப்போய், ஒரு மழைக்காலம் கழித்து ஜல்லிக்கடியில் குழி விழும்.
- அடியைச் சரிந்த மண் மேலேயே வைப்பது. சுவரும் சேர்ந்து நகரும். வழுக்குத் தளத்துக்குக் கீழே, உறுதியான தரையில், மலைப்பக்கம் சற்றுச் சாய்த்து அடி வைக்க வேண்டும்.

சுவருக்குப் பின் நிரப்பும் மண்ணை 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசு கட்ட வேண்டும். நேர நெருக்கடியில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே ஜல்லி பரப்பினால் திறந்த முதல் மாதம் முழுக்க ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் நெறிகள் கரைச் சரிவுக்கு நீண்ட காலப் பாதுகாப்புக் காரணி (சரியவிடாத பிடிப்புக்கும் சரியவைக்கும் விசைக்கும் உள்ள விகிதம்) 1.4 கேட்கின்றன. அவசரமாகக் கட்டிய சுவரை மழை முடிந்ததும் அந்தக் கணக்குக்கு வருமா என்று சோதித்து, வராவிட்டால் சாயில் நெய்லோ (சரிவுக்குள் செருகும் கம்பி) மைக்ரோபைலோ (துளையிட்டு இறக்கும் மெல்லிய தூண்) சேர்க்கும் இரண்டாம் கட்டத்துக்கும் அதே மதிப்பீட்டில் பணம் ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு யாரும் பணம் தருவதில்லை.

## வழி 3: கர்டர் போட்டுக் கடப்பது

உடைப்பு வழியாகத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அந்த இடத்தைத் தனக்கென்று ஒரு ஓடை பிடித்துக்கொண்டது என்று பொருள். அங்கே கரை கட்டி அடைப்பது தண்ணீரோடு மல்லுக்கட்டுவதாகும். இரு பக்கமும் பாறை தெரிந்து, இடைவெளி 12.2 அல்லது 18.3 மீட்டர் போன்ற வழக்கமான கர்டர் (பாலத்தைத் தாங்கும் எஃகு உத்தரம்) நீளத்துக்குள் அடங்கினால் இது அருமையான வழி. கர்டர் கிடங்கில் இருந்தால் ஒன்றிரண்டு வாரம். இல்லாவிட்டால் செய்து வரக் காத்திருக்கும் காலத்தில் கேபியன் கரையே முடிந்திருக்கும்.

இரு முனையும் எதன் மேல் உட்காருகிறது என்பதில்தான் சூட்சுமம். ஸ்லீப்பர் அடுக்கியோ எஃகு கிரிப் (சட்டங்களை அடுக்கிய தற்காலிகத் தாங்கி) வைத்தோ ஏற்றினால் அதன் அடி மண் ஊறி ஒரு பக்கமாக அமுங்கலாம். இரு முனையிலும் மட்டக்குறி வைத்து ஒவ்வொரு வண்டிக்குப் பிறகும் பார்க்க ஆள் வேண்டும். முனைகள் உறுதியாக நின்றாலும் அதையொட்டிய கரை அமுங்கும். அந்தச் சந்திப்பில் விழும் பள்ளத்தை விடாமல் ஜல்லி அடித்து நிமிர்த்த வேண்டும்.

நீலகிரிப் பாதையில் இதற்கு இன்னொரு சிக்கல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, என்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பல்சட்டம் ஓடுகிறது. சரிவு 12.28-க்கு 1. நூறு டன் வண்டி நின்றாலே எட்டு டன்னுக்கு மேல் விசை பாதையைக் கீழ்நோக்கித் தள்ளும். என்ஜினின் பல்சக்கரம் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் அந்த விசை சட்டம் வழியாகக் கர்டருக்கு நேராகப் போகிறது. சமவெளியில் மேல்பாரத்தைத் தாங்கினால் போதும் என்று போடும் தற்காலிகக் கிரிப், இங்கே நீளவாக்கில் கவிழ்ந்துவிடும். குறுக்குப் பிணைப்பும், மேல்முனையைப் பாறையில் நங்கூரமிடுவதும் கட்டாயம்.

தற்காலிகம் என்று போட்ட கர்டர் நிரந்தரமாகத் தங்கிவிடுவது இந்த வழியின் மறைந்த செலவு. ஒவ்வோர் ஆண்டும் துரு, ரிவெட், பேரிங் பார்க்க வேண்டிய இன்னொரு பாலம் கணக்கில் சேரும். வேகக் கட்டுப்பாடும் போகாது. ஓடை உண்மையிலேயே அங்கே நிலைத்துவிட்டதென்றால் முறையான தூண் எழுப்பி நிரந்தரப் பாலமாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குள் கழற்றிவிட்டுக் கல்வெட்டோடு கரை கட்டிவிடுங்கள்.

## வழி 4: பாதையை மலைப்பக்கம் நகர்த்துவது

பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது, மலைப்பக்கம் இருக்கிறதே, இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால் சுவரே வேண்டாமே என்று தோன்றும். கெட்டிப் பாறை என்றால் நியாயமான யோசனை. மக்கிய மண் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை 45 டிகிரி சாய்வில் இருக்கிறது, வெட்டுமுகத்தை இரண்டு மீட்டர் ஏற ஒரு மீட்டர் உள்வாங்கும்படி வெட்டுகிறோம் என்றால், பாதை ஒவ்வொரு மீட்டர் உள்ளே நகரும்போதும் வெட்டுமுகம் இரண்டு மீட்டர் உயரும். இரண்டு மீட்டர் நகர்த்தினால் முகம் நான்கு மீட்டர் கூடுதல். கீழே ஒரு சரிவைத் தவிர்த்து மேலே ஒரு சரிவை வாங்கிக்கொள்கிறோம்.

அகல ரயில் பாதையில் மென்மையான வளைவு என்றால் இதைச் சமாளிக்கலாம். 208 வளைவுள்ள நீலகிரிப் பாதையில் ஓரிடத்தை நகர்த்தினால் வளைவின் ஆரம் மாறி, பல்சட்டத் துண்டுகள் இணையும் இடத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி ஒத்துவராது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை என்பதால் தடத்தை மாற்றுவதற்கு முன் ஆலோசனை, அனுமதி எல்லாம் உண்டு. இங்கே இதைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும்.

## வழி 5: புதுத் தடமோ சுரங்கமோ

ஒரே இடம் பத்தாண்டில் பலமுறை போனால் இந்தப் பேச்சு எழும். மலையே ஆழத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் இடங்களில் வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் புதுப் பாதையென்றால் சரிவே வராது என்பது தப்புக் கணக்கு. கொங்கண் பாதையின் பெர்னேம் சுரங்கத்தில் 2020 ஆகஸ்டில் உட்சுவர் இடிந்து வண்டிகளைத் திருப்பிவிட வேண்டிவந்தது.

இங்கிலாந்தின் டாலிஷ் கடற்கரைப் பாதையில் நடந்தது இந்தத் தேர்வைத் தெளிவாகக் காட்டும். 2014 பிப்ரவரியில் அலையடித்துத் தடுப்புச்சுவர் உடைந்து தண்டவாளம் தொங்கியது. சில கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவும் இறங்கியது. கல் நிரப்பிய கப்பல் கண்டெய்னர்களைத் தற்காலிக அலைதடுப்பாக வைத்து, இரவு பகலாக வேலை செய்து ஏப்ரல் 4-ஆம் தேதி அதே தடத்தைத் திறந்தார்கள். அதே ஆண்டு மாற்றுத் தடங்களையும் ஆராய்ந்தபோது, ஓக்ஹாம்ப்டன் வழியாகப் பழைய பாதையை மீட்பதற்கு மட்டும் சுமார் 87.5 கோடி பவுண்டு மதிப்பீடு வந்தது. எனவே இருக்கும் தடத்தையே உயர்ந்த சுவர்களால் வலுப்படுத்தினார்கள். உடனடித் திறப்பையும் நீண்ட காலத் தீர்வையும் இரண்டு தனிக் கோப்புகளாக நடத்தியது அவர்கள் செய்த நல்ல காரியம். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கவில்லை.

## மழை முடியும்வரை மூடியே வைப்பது

இதையும் ஒரு தேர்வாக எண்ண வேண்டும். அசாமில் 2022 மே மாதம் நியூ ஹாஃப்லாங் நிலையமே சேற்றில் புதைந்தபோது காத்திருக்க முடியவில்லை. பராக் பள்ளத்தாக்கு, திரிபுரா, மிசோரமுக்கு ரயில் சரக்கு அந்த ஒரு பாதையில்தான் போகிறது. அந்த மலைப்பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடைப்புகளை மழைக்குள்ளேயே சரிசெய்து ஜூலையில் திறந்தார்கள். டார்ஜிலிங் மலைப்பாதையில் நிலைமை நேரெதிர். 2010 ஜூனில் பாக்லாஜோராவில் சாலையும் பாதையும் சேர்ந்து போனபின், முழுத் தடமும் 2015-இல்தான் திறந்தது. சாலையே இல்லாத இடத்தில் அதை ஒட்டிப் போகும் பாதையைத் தனியாக எழுப்பி நிறுத்த முடியாது.

நீலகிரி இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. சரக்கு இல்லை, பஸ் மாற்று உண்டு, குன்னூர்–ஊட்டி இடையே தனியாக ரயில் ஓட்டலாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓயும். கூட்டம் வருவது ஏப்ரலில். நடுவே மூன்று மாதம் கிடைக்கிறது. ஆனால் மூடுவது என்றால் கைவிடுவது என்று ஆகிவிடக் கூடாது. விரிசல்களைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட வேண்டும், மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப வேண்டும், கல்வெட்டுகளைத் தூர்வார வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிப்போட்டால் ஜனவரியில் உடைப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | தோராயக் காலம் | எங்கே சரி | மறைந்த செலவு | நீலகிரிப் பல்சட்டப் பகுதியில் |
|---|---|---|---|---|
| அள்ளித் திறப்பது | சில நாள் | கரை உறுதி, சரிவு நின்றுவிட்டது | மண் கொட்டும் இடம், வலை, காவல் ஆள் | மேல்மண் மட்டும் என்றால் இதுவே |
| கேபியன் கரை | 2–6 வாரம் | அடியில் உறுதியான தரை | கல் சுமப்பது, இரண்டாம் கட்ட வலுவூட்டல் | பெரும்பாலான கரை உடைப்புக்கு முதல் தேர்வு |
| கர்டர் | கைவசம் இருந்தால் 1–3 வாரம் | தண்ணீர் ஓடும் குறுகிய உடைப்பு | ஓயாத கண்காணிப்பு, நீளவாக்கு விசை | பாறை முனைகள் இருந்தால் மட்டும் |
| மலைப்பக்கம் நகர்த்துவது | சில மாதம் | கெட்டிப் பாறை, மென் வளைவு | உயரும் வெட்டுமுகம் | தவிர்க்கலாம் |
| புதுத் தடம், சுரங்கம் | ஆண்டுகள் | ஆழத்தில் நகரும் மலை | நிலம், நிதி, புது ஆபத்துகள் | பொருந்தாது |
| மழை ஓயக் காத்திருப்பது | 2–3 மாதம் | மாற்று வழி இருக்கும் பாதை | மூடியிருக்கும்போதும் பராமரிப்பு | அசைவு நிற்காதவரை சரியான முடிவு |

எந்த வழியைத் தேர்ந்தாலும் வடிகாலைத் தனித் தலைப்பாக மதிப்பீட்டில் எழுதுங்கள். சரிவின் தலைக்கு மேலே சிமென்ட் பூசிய வாய்க்கால், சரிவுக்குள் 5 முதல் 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துத் துளையிட்டு, ஜியோடெக்ஸ்டைல் சுற்றிய துளைக்குழாய், பாதையோரச் சாக்கடை, கீழே கல்வெட்டின் வெளிவாயில் கல் பதித்த தளம். நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தலைப்பு. சுவரின் உயரத்தில் ஒரு மீட்டரைக் குறைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை, வடிகாலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

## திறக்கும் நாளின் வரிசை

1. விரிசல் அளவுகள் இரண்டு நாளாவது மாறாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் ஒரு நல்ல மழையும் பெய்திருந்தால் அதைவிட நம்பகமான சோதனை இல்லை.
2. ஜல்லி நிரப்பி, மட்டமும் 1,000 மி.மீ. கேஜும் (இரு தண்டவாளங்களின் இடைவெளி) சரிபார்க்க வேண்டும். பல்சட்டத்தில் இரு சட்டங்களின் உயரமும் ஒவ்வொரு இணைப்பிலும் பல் இடைவெளியும் பார்க்க வேண்டும். கரை ஓரிடத்தில் அமுங்கினால் சட்டம் தொய்ந்து, பல்சக்கரம் ஆழமாகக் கடிக்காமல் மேலேறும்.
3. டிராலியில் ஆய்வு. பிறகு தனி என்ஜின் நடை வேகத்தில்.
4. கல் ஏற்றிய வேலை வண்டியைச் சீர்செய்த இடத்தின் மேல் பத்து நிமிடம் நிறுத்தி, போவதற்கு முன்னும் பின்னும் மட்டம் எடுக்க வேண்டும். வண்டி போனபின் அமுக்கம் மீளாமல் நின்றால் மறுபடி ஜல்லி அடித்துச் சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.
5. பயணிகள் வண்டிக்கு மணிக்கு 10 கி.மீ. காஷன் ஆர்டர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் உத்தரவு), பகலில் மட்டும். இரு பக்கமும் கொடியும் விசிலும் வாக்கிடாக்கியும் வைத்த காவலாட்கள்.
6. வழக்கமான வேகத்துக்குப் படிப்படியாகத்தான் போக வேண்டும்; ஒவ்வொரு படிக்கும் முன் மட்டக்குறிகள் நிலைத்திருக்க வேண்டும்.

காவலாளிக்குக் கொடுக்கும் குறிப்பில் மூன்று அடையாளங்கள் இருக்கட்டும். நீர்த்துளையிலிருந்து தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக வருவது, உள்ளே மண் கழுவப்படுகிறது என்பதற்கு அடையாளம். தொடர்ந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் மழை நடுவே திடீரென்று நிற்பது அதைவிட மோசம். உள்ளே வழி அடைபட்டு நீரழுத்தம் ஏறுகிறது. சிறு கற்கள் விட்டுவிட்டு உருளும் சத்தம் மூன்றாவது. இவற்றில் எது தெரிந்தாலும் மேலதிகாரியைக் கேட்காமல் வண்டியை நிறுத்தும் அதிகாரம் அந்த ஆளுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுதாகக் கடந்து போகும்வரை அந்தக் காவலை எடுக்க வேண்டாம்.